பதினெட்டு கிலோவா நினைச்சுக்கோ

1994 டிசம்பர். எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். லீவு என்றால் எனக்குச் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம்தான். விடியற்காலையில் அம்மாவோடு போய், அவள் ஏலத்தில் எடுக்கும் கூடைக்குக் காவல் நிற்பது என் வேலை. அன்றைக்கு அம்மா ஒரு கூடை கானாங்கெளுத்தி எடுத்தாள். 240 ரூபாய். இருபது கிலோ இருக்கும். மேலே போட ஐஸ் 15 ரூபாய், பழைய வண்ணாரப்பேட்டை வரை மீன்பாடி வண்டிக்கு 25 ரூபாய். எல்லாம் போக வீட்டுக்கு 80 ரூபாயாவது நிற்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "கிலோ இன்னா விலை சொல்லலாம், நீ பாரு" என்றாள்.

நான் உடனே கூட்டினேன். 240, 15, 25, 80. மொத்தம் 360. இருபதால் வகுத்தால் 18. "பதினெட்டு ரூபா சொல்லும்மா" என்றேன்.

அம்மா ஈரக் கோணியைக் கூடைமேல் இழுத்துப் போட்டபடியே சொன்னாள்: "பதினெட்டு சொன்னா சாயங்காலம் கையப் பிசைஞ்சிக்கினு நிக்கணும். எப்படியும் நாலு கிலோ தங்கிடும். வெயில் ஏறினப்புறம் அத பாதி விலைக்குத்தான் தள்ளுவேன். பாதி விலைக்கு நாலு கிலோன்னா முழு விலைக்கு ரெண்டு கிலோ. இருபது கிலோன்னு நினைக்காத, பதினெட்டு கிலோவா நினைச்சுக்கோ. இப்போ போடு."

360-ஐ 18-ஆல் வகுத்தேன். சரியாக 20 வந்தது. அன்றைக்கு அம்மா கிலோ 20 ரூபாய்க்குத்தான் விற்றாள். என் விலைக்கு விற்றிருந்தால் 324 ரூபாய்தான் கைக்கு வந்திருக்கும். வீட்டுக்கு வர வேண்டிய 80-ல் 36 ரூபாய் காணாமல் போயிருக்கும்.

அந்த அரையாண்டுத் தேர்வில் வாக்கியக் கணக்கு மூன்று கேட்டிருந்தார்கள். மூன்றையும் நான் தொடவே இல்லை. எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் கரும்பலகையில் "எக்ஸ் என்க" என்று தொடங்கி விடை வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டு, "காப்பி பண்ணிக்கோங்க" என்பார். அந்த எக்ஸ் எங்கிருந்து வந்தது, ஏன் அதற்கு எக்ஸ் என்று பெயர் வைக்க வேண்டும், எதை எதற்குச் சமம் என்று எழுதுகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு பக்கம் அம்மா மூச்சு விடுவதுபோலச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் நான் சமன்பாடு என்ற சொல்லைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு விளங்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் துறைமுகத்தில் லோடு வேலை, ஆட்டோ, எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை என்று இருப்பவர்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் சொல்லும் வாக்கியம் ஒன்றே: "சம் போட்டுருவேன் மிஸ். கதையா குடுத்தாத்தான் வராது."

இது உண்மை. 3எக்ஸ் + 5 = 20 என்று கொடுத்தால் போட்டுவிடுவார்கள். "ஒரு எண்ணின் மூன்று மடங்கோடு ஐந்தைக் கூட்டினால் இருபது" என்றால் பேனா நின்றுவிடும். கணக்கு ஒன்றுதான், மேலே போர்த்தியிருக்கும் துணிதான் வேறு. ஆகவே நான் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லிக்கொடுப்பதில் நேரம் செலவழிப்பது குறைவு. எழுதச் சொல்லிக்கொடுப்பதில்தான் முக்கால்வாசி நேரமும் போகிறது.

முதல் நாள் நான் போடுவது அம்மாவின் கானாங்கெளுத்திக் கணக்கு. ஒரு கிலோவின் விலை தெரியாது, அதற்கு 'வி' என்று பெயர் வைக்கிறோம். முழு விலைக்கு 16 கிலோ, பாதி விலைக்கு 4 கிலோ. அப்படியானால் கைக்கு வரும் பணம் 16வி + 4 × (வி ÷ 2). இது பணத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து சொல்வது. அதே பணத்தைச் செலவுப் பக்கத்திலிருந்தும் சொல்லலாம்: 240 + 15 + 25 + 80. ஒரே தொகையை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டோம். நடுவில் சமக் குறி போடலாம்.

16வி + 4 × (வி ÷ 2) = 360
16வி + 2வி = 360
18வி = 360
வி = 20

மூன்றாவது வரியில் நிற்கிறது அம்மாவின் பதினெட்டு கிலோ. அந்த வரியை எழுதும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஈரக் கோணி வாசனை வரும்.

ஒரே தொகையை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற இடம் எது என்று தேட வேண்டும். வாக்கியக் கணக்கைப் பற்றி நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்த இடம் கிடைத்துவிட்டால் சமன்பாடு தானாக அமைந்துவிடும். பிள்ளைகள் கணக்கைப் படித்தவுடன் எண்களைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள், பெருக்கிப் பார்க்கிறார்கள், எது ஒழுங்கான விடையாக வருகிறதோ அதை எழுதிவைக்கிறார்கள். நானும் காசிமேட்டில் அதைத்தான் செய்தேன். அதனால் என் டியூஷனில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கணக்கைப் படித்த பிறகு பேனா எடுக்கக் கூடாது. "எது தெரியல? எத ரெண்டு விதமா சொல்றாங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் வாயால் பதில் சொன்ன பிறகுதான் நோட்டு திறக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சல் படுவார்கள். மூன்றாவது வாரம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் வைக்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. அதில் விழாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. 'வி' என்றால் என்ன என்று கேட்டால் "மீன் மிஸ்" என்பார்கள். மீன் இல்லை. ஒரு கிலோ மீனின் விலை, அதுவும் ரூபாயில். அந்த எழுத்து ஒரு எண்ணின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, பொருளின் இடத்தை இல்லை. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் இதில் தடுமாறினால் மேலே எல்லாமே தடுமாறும்.

இதைக் காட்ட ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். "ஒவ்வொரு படகிலும் எட்டு ஆட்கள். படகுகளின் எண்ணிக்கை ப, ஆட்களின் எண்ணிக்கை ஆ. இதைச் சமன்பாடாக எழுது." பத்துப் பேரிடம் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் எழுதுவது 8ஆ = ப. வாக்கியத்தில் "எட்டு ஆள், ஒரு படகு" என்று காதில் விழுகிறது, அதை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். அப்போது நான் எதையும் அடித்துத் திருத்துவதில்லை. "பத்துப் படகு இருந்தா எத்தனை ஆளு?" என்று மட்டும் கேட்பேன். எண்பது என்பார்கள். "சரி, உன் சமன்பாட்டுல ஆ இருக்கிற இடத்துல எண்பதும், ப இருக்கிற இடத்துல பத்தும் வை." எட்டு எண்பது அறுநூற்று நாற்பது, அது பத்துக்குச் சமம். கொஞ்ச நேரம் நோட்டையே பார்ப்பார்கள். அப்புறம் தாங்களே திருப்பிப்போட்டு ஆ = 8ப என்று எழுதுவார்கள்.

இது நம் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1980 வாக்கில் அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் "ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள்" என்று இதே மாதிரிக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பாக எழுதினார்கள், அதில் பெரும்பாலானவை இதே மாதிரித் தலைகீழாக எழுதியவைதான். வாக்கியம் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் எழுதிவிட வேண்டும் என்று கைக்கு ஒரு ஆசை இருக்கிறது. எண்ணை வைத்துப் பார்ப்பதுதான் அதை நிறுத்தும்.

படகு என்றதும் ஒரு பையன் ஞாபகம். எட்டாம் வகுப்பு, அப்பா விசைப்படகில் போகிறவர். பாடப் புத்தகத்தில் ஒரு தொகையை மூன்று பேருக்கு இன்ன விகிதத்தில் பிரி என்ற கணக்கு வந்தால் மாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொன்னேன். "ஒரு டிரிப்புல மீன் 1,80,000 ரூபாய்க்குப் போச்சு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 84,000. மீதியில நூத்துக்கு அறுபது ஓனருக்கு. நாற்பது ஆளுங்களுக்கு. டிரைவருக்கு ரெண்டு பங்கு, மத்த ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. உங்கப்பாவுக்கு எவ்வளவு வரும்?" இந்தப் பங்கு முறை படகுக்குப் படகு மாறும். நான் கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொண்டேன்.

பேனாவைத் தொடவில்லை அவன். கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினான். "தொண்ணூத்தாறு நிக்கும். ஆளுங்களுக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு. எட்டுப் பங்கு. நாலாயிரத்து எண்ணூறு மிஸ்."

"எட்டுப் பங்குன்னு எப்படிச் சொன்ன? ஆளு ஏழு பேருதானே?"

"டிரைவருக்கு ரெண்டு இல்ல? அவரு ரெண்டு ஆளு மாதிரி."

அவன் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினேன். ஒரு பங்கு ப என்றால், 2ப + 6ப = 38,400. 8ப = 38,400. ப = 4,800. "இதுதான் புக்குல கேக்குறாங்களா?" என்றான். ஏமாற்றப்பட்டவன் மாதிரி ஒரு முகம். அதற்கு அப்புறம் விகிதக் கணக்கு வந்தால் அவன் முதலில் எழுதுவது "மொத்தம் எத்தனை பங்கு" என்ற வரிதான்.

எழுதிய பிறகு தீர்க்கும் இடத்துக்கு வருவோம். "இந்தப் பக்கம் இருக்கிற ப்ளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏன் என்றால் தெரியாது. தெரியாததால் பெருக்கலையும் அதே மாதிரித் தூக்கிப்போட்டு மைனஸ் ஆக்கிவிடுகிறார்கள். 18வி = 360 என்றிருந்தால் வி = 360 − 18 என்று எழுதின நோட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதற்காகவே அம்மாவின் பழைய தராசை மாடியில் வைத்திருக்கிறேன். இரண்டு தட்டு, படிக்கல், மேலே முள். முள் நேராக நிற்கும்போது இந்தத் தட்டிலிருந்து ஒரு கல் எடுத்தால் அந்தத் தட்டிலிருந்தும் அதே எடைக் கல் எடுக்க வேண்டும். இதைப் பாதியாக்கினால் அதையும் பாதியாக்க வேண்டும். எதுவும் 'அந்தப் பக்கம் போவது' இல்லை. இரண்டு பக்கமும் ஒரே காரியம் நடக்கிறது, அவ்வளவுதான். இப்போது கடைகளில் எல்லாம் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டதால் சில பிள்ளைகளுக்கு இரட்டைத் தட்டே புதுசு. பத்து நிமிடம் கல்லை எடுத்துவைத்து விளையாட விடுவேன். அது வீண் நேரம் இல்லை.

அல்ஜீப்ரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில்தான் சொல்வேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல் இருக்கிறது. குறைந்துபோனதைத் திரும்பச் சேர்த்து முழுசாக்குவது என்று அதற்கு அர்த்தம். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். கால்பந்து ஆடிக் கை உடைந்து புத்தூர் கட்டு போட்டுக்கொண்டவன் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவனாவது இருப்பான். வி − 7 = 13 என்றால், ஏழு குறைந்து முறிந்து கிடக்கிறது. ஏழைச் சேர்த்துக் கட்டு, அந்தப் பக்கமும் ஏழைச் சேர். வி முழுசாக எழுந்து நிற்கும்.

எழுத்தைக் கண்டாலே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை எக்ஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. "ஏதாவது ஒரு எண்ண வச்சுப் பாரு" என்று விட்டுவிட வேண்டும். இது குறுக்கு வழி இல்லை, பழைய வழி. எகிப்தில் சுமார் 3,500 வருடத்துக்கு முன்னால் ஒரு பாப்பிரஸ் சுருளில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு குவியல், அதோடு அதில் ஏழில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 19. குவியல் எவ்வளவு? தெரியாத எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயரே 'குவியல்' என்பதுதான். நம் சந்தையில் கூறு கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் முதலில் குவியலை 7 என்று வைத்துப் பார்க்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு 1, சேர்ந்தால் 8. நமக்கு வேண்டியது 19. எட்டைப் பத்தொன்பதாக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, அத்தனை மடங்கு ஏழையும் பெருக்கினால் விடை: பதினாறும் எட்டில் ஐந்தும். பெருக்கலும் வகுத்தலும் மட்டும் வருகிற கணக்குகளுக்கு இந்த வழி அழகாக ஓடும். தனியாக ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ வந்தால் ஓடாது, அப்போது எழுத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒரு எண்ணை வைத்துப் பார்க்கும்போதே கணக்கின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த எண் இருந்த இடத்தில் எழுத்தை வைத்தால் அதுவே சமன்பாடு.

வயதுக் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. "அம்மாவின் வயது மகளின் வயதைப்போல மூன்று மடங்கு. 12 வருடம் கழித்து இரண்டு மடங்கு." மகள் ம என்றால் அம்மா 3ம். பன்னிரண்டு வருடத்தை அம்மாவுக்கு மட்டும் கூட்டிவிட்டு மகளை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கும் கூட்ட வேண்டும்: 3ம் + 12 = 2 × (ம + 12). மகளுக்கு 12, அம்மாவுக்கு 36.

இனி எனக்கே நடந்த ஒன்று. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதைப் படிக்கிற யாராவது ஒருவருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாலு வருடம் முன்னால் மாடிக்கு ஷீட் போட 10,000 ரூபாய் தேவைப்பட்டது. பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள், அவசரம். எங்கள் பக்கம் அவசரம் என்றால் தண்டல். எழுதுகிற தொகையில் நூற்றுக்குப் பதினைந்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். எழுதிய தொகையை நூறு நாளில், தினம் ஒரு பங்காகக் கட்ட வேண்டும். பதினைந்து சதவீதம் பிடிப்பார்கள் என்று தெரியும், ஆகவே பத்தாயிரத்துக்கு மேல் பதினைந்து சதவீதம் சேர்த்து 11,500 எழுதினேன். பணத்தை எண்ணிப் பார்த்தால் 9,775 இருந்தது. 225 ரூபாய் குறைந்தது. ஷீட் போடுகிறவர் கீழே நிற்கிறார். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதும் தொகை தெரியாது, அது 'க'. கைக்கு வருவது அதில் நூற்றுக்கு 85. அதுவும் 10,000-மும் ஒன்றாக இருக்க வேண்டும்.

85க ÷ 100 = 10,000
க = 11,764 ரூபாய் 71 காசு

பதினைந்து சதவீதம் எதன்மேல் என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் பிடிப்பது எழுதிய தொகையின்மேல், நான் கூட்டியது கைக்கு வேண்டிய தொகையின்மேல். சதவீதம் என்ற சொல் வந்தால் "எதுல?" என்று கேட்டே ஆக வேண்டும். இப்போது என் டியூஷனில் யார் 'பர்சன்ட்' என்று சொன்னாலும் நாலு குரல் சேர்ந்து "எதுல?" என்று கேட்கும்.

அதே ராத்திரி இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். கைக்கு வந்தது 9,775. தினம் 115 வீதம் நூறு நாளில் கட்டப்போவது 11,500. வட்டி 1,725. இதை நான் உண்மையில் வாங்கிய 9,775-க்கு எதிராக வைத்தால் நூற்றுக்குப் பதினேழரைக்கு மேல் வருகிறது. அதுவும் அந்தப் பணம் நூறு நாளும் முழுசாக என்னிடம் இருக்கப்போவதில்லை. அடுத்த நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறேன், ஐம்பதாவது நாளில் பாதி கடன் அடைந்துவிடும். சராசரியாகப் பார்த்தால் கடன் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் என் கையில் இருந்திருக்கும், ஆனால் வட்டி முழுசுக்கும். இதையெல்லாம் எழுதிப் பார்த்த பிறகு நான் தண்டல் பக்கம் போகவில்லை. மாதச் சீட்டில் சேர்ந்துவிட்டேன்.

இதே கணக்கு எம்.சி. ரோட்டிலும் நடக்கும். 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சுடிதார் 480 ரூபாய் என்றால் முதலில் போட்டிருந்த விலை எவ்வளவு? 480-ல் இருபது சதவீதம் கூட்டி 576 என்று சொல்வது என் தண்டல் தவறுதான். 80வி ÷ 100 = 480, விலை 600.

விடை வந்ததும் அதைச் சரிபார்க்கச் சொல்வது எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். ஆனால் எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளைகள் விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். சமன்பாடே தப்பாக எழுதியிருந்தால் விடை அதில் ஒழுங்காகப் பொருந்தும், தப்பு தெரியவே தெரியாது. விடையைக் கதையில் வைத்துப் பார்க்க வேண்டும். கிலோ 18 ரூபாய் என்றால், காலையில் பதினாறு கிலோ விற்று 288, சாயங்காலம் நாலு கிலோ ஒன்பது ரூபாய்க்கு 36, ஆக 324. 360 வரவில்லை. கதையே சொல்லிவிடுகிறது. படகில் ஏழரை ஆள் என்று விடை வந்தால் நோட்டைப் பார்க்க வேண்டாம், படகைப் பார்த்தாலே போதும்.

இந்த ஏப்ரலில் அந்தப் படகுக்காரப் பையனின் அம்மா மாடி ஏறி வந்தார். இந்த மாத ஃபீஸ் தாமதமாகும் என்று சொல்ல வந்தவர். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். வருடா வருடம் வருவதுதான், ஆனால் வருடா வருடம் வீட்டில் கஷ்டம்தான். "ஃபீஸ் இருக்கட்டும்க்கா, உட்காருங்க" என்றேன். பேச்சோடு பேச்சாக ஒரு நாளைக்கு வீட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். 400 ரூபாய் என்றார். பையனைக் கூப்பிட்டேன்.

அவன் போர்டில் எழுதினான். 61 நாளைக்கு 24,400. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000. மீதியைச் சேமிக்க வேண்டும். வருடத்தில் மிச்சம் இருப்பது 304 நாள். ஒரு நாள் சேமிப்பு சே.

304சே + 8,000 = 24,400
304சே = 16,400

"அம்பத்து நாலு ரூபா மா. ஒரு நாளைக்கு அம்பத்து நாலு எடுத்து வச்சா போதும்" என்றான்.

அந்த அக்கா போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் அவர் பார்த்தது எழுத்தை இல்லை. "முந்நூத்தி நாலு நாளும் உங்கப்பன் போவுதா?" என்றார். "புயல் கொடி ஏத்துனா போக மாட்டாங்க. இஞ்சின் ரிப்பேர்னா போக மாட்டாங்க. பொங்கலுக்குப் போக மாட்டாங்க. காசு வர்ற நாளுன்னு பாத்தா எரநூறு தேறும். எரநூறு போட்டுப் பாரு."

பையன் 304-ஐ அழித்துவிட்டு 200 என்று எழுதினான். 200சே = 16,400. சே = 82.

"எம்பத்திரண்டு" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "முடியும். காசு வர்ற அன்னிக்கே எடுத்துடணும், இல்லாட்டி முடியாது." எழுந்தவர் திரும்பி, "எம்பத்திரண்டுன்னு மட்டும் சொன்னா அவரு ஒத்துக்க மாட்டாரு. எப்படி வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா" என்றார்.

200சே + 8,000 = 24,400 என்று எழுதி, 'சே' என்பதற்குக் கீழே "ஒரு நாள் எடுத்துவைக்கிற பணம், ரூபாயில்" என்று எழுதிக் கொடுத்தேன். படி இறங்கும்போது பையன் அந்தப் பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டு, 8,000 ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.